பென்சனுக்கு ஒத்திகை

ரயில்வே குவாட்டர்ஸ், பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
12 நவம்பர் 1934

என் தங்கை குணபூசணிக்கு,

இங்கே நான் சுகம். முழங்கால் வலி மட்டும் மழையோடு வருகிறது, மழையோடு போகிறது. உனக்கு நம் ஊர்க் கோயில் கந்தசுவாமியார் ஒரு குறையும் வைத்திருக்கமாட்டார் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வரும் ஜூனில் எனக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் வேலையில் வைத்திருக்கும்படி கேட்டிருந்தேன். முடியாது என்று பதில் வந்துவிட்டது. அதை மேசையில் கொண்டுவந்து வைத்த பியூன் அய்யாவு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊருல யாருக்கும் ஏதாச்சுங்களா ஐயா?" என்று கேட்டான். "போடா, வேலையைப் பார்" என்று ஏசிவிட்டேன்.

சரக்கு ஆபீசில் நான் சேர்ந்தபோது எனக்கு மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. அன்று முதல், காலையில் எழுந்தால் எங்கே போவது என்று ஒரு நாளும் யோசித்தது கிடையாது. இப்போது முகம் கழுவும்போதே அந்த யோசனை வந்துவிடுகிறது. உன் அண்ணி இருந்திருந்தால் அவளோடு சண்டை பிடித்தாவது பொழுது போகும். பிள்ளையும் இல்லை. யாழ்ப்பாணத்து வீடு பெரியம்மா மக்கள் கையில். அங்கே என்னைத் தெரிந்த ஆட்கள் பாதிப்பேர் சுடலைக்குப் போய்விட்டார்கள். ஆகையால் ஜூன் முடிந்து குவாட்டர்சை விட்டதும், கிள்ளானில் உன்னோடு இருப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். உன் வீட்டு முன் அறை சும்மாதானே கிடக்கிறது.

இன்னொன்று. நீயும் ஒரு காலத்தில் பாடசாலை வேலையை விட்டு வீட்டிலிருந்தவள். அந்த நாட்களை எப்படிக் கழித்தாய்? மனத்தை முன்கூட்டியே பழக்க வேண்டும் என்று ஆபீஸ் துரையும் சொல்கிறார். படித்தவள், யோசித்து எழுது.

உன் அண்ணன்,
கனகசபை


கிள்ளான்.
9 டிசம்பர் 1934

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பாடசாலையில் பரீட்சை. தலைமை ஆசிரியை என்று பெயர்தான். மேசை கதிரை தூக்குவதுவரை நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவுங்கள். ஈரத் தரையில் நிற்க வேண்டாம்.

"வேலையை விட்டு வீட்டிலிருந்தவள்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் பிள்ளைகளின் கட்டுரையில் இப்படி ஒரு வசனம் வந்திருந்தால் 'விட்டு' என்ற சொல்லின் கீழே சிவப்புக் கோடு போட்டிருப்பேன். போகட்டும்.

நீங்கள் கேட்டதை யோசித்தேன். வேலை போகும்போது முதலில் போவது வேலை அல்ல, பெயர். சென்னையில் படித்துவிட்டு வந்து கற்பித்த இரண்டு வருஷமும் ஊரில் நான் 'ரீச்சர்'. நின்ற மறு கிழமை மீன்காரி என்னை, "கனகசபையற்ரை தங்கச்சி" என்று கூப்பிட்டாள். சில மாதம் போனபின், நான் பக்கத்தில் நிற்பது தெரியாமல் ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னாள்: "உதுதான் அந்தக் கலியாணம் குழம்பின பெட்டை." நான் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் சொல்கிறார்கள் என்று விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

உங்களுக்கும் அது வரும். 'சீஃப் கிளாக்கர் ஐயா' என்பதில் 'ஐயா' சில காலம் நிற்கும், பிறகு அதுவும் தேயும். வந்த பிறகு தாங்குவதைவிட வருமுன் பழகுவது நல்லது. உங்களைத் தெரியாத ஒரு கடைத்தெருவுக்குப் போங்கள். யார் என்று சொல்லாமல் ஏதாவது வாங்கிப் பாருங்கள்.

வேப்பெண்ணெயை மறக்க வேண்டாம்.

தங்கை,
குணபூசணி


பிரிக்ஃபீல்ட்ஸ்.
23 டிசம்பர் 1934

தங்கச்சிக்கு,

வேப்பெண்ணெய் தடவினேன். வலி குறைந்தது, நாற்றம்தான் குறையவில்லை. நீ சுகமாயிருப்பதில் சந்தோஷம்.

நீ சொன்னபடி செந்தூல் பாசாருக்குப் போனேன். கோட்டுப் போடவில்லை, வேட்டி சால்வை மட்டும். பக்கிரிசாமி என்று ஒருவனுடைய கடை. வெற்றிலை கேட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வரிசையில நில்லுங்க தாத்தா" என்றான். தாத்தா! என்னை அப்பா என்று கூப்பிட ஒரு பிள்ளை இல்லை, இவனுக்கு நான் தாத்தா. உன் பாடத்தை மறந்துவிட்டேன். "நான் ஆர் தெரியுமோ? ரயில்வே சரக்கு ஆபீஸ் சீஃப் கிளாக்கர்" என்றேன். அவன் பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "ஐயா ரயிலாம்டா. வழி விடுங்கப்பா, மேல ஏறிறப் போவுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வெற்றிலை வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நீ சொன்னது சரி, பழக வேண்டியதுதான். இன்னும் இப்படி ஏதும் இருந்தால் எழுது. நீ இவ்வளவு அக்கறையாக எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை.

முன் அறையில் கிழக்கே சன்னல் இருக்கிறதா? என் கட்டில் பெரியது. அளந்து வை.

கனகசபை


கிள்ளான்.
30 ஜனவரி 1935

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

பொங்கல் நன்றாக நடந்திருக்கும். எனக்கு இரண்டு நாள் தும்மலும் தடிமனுமாக இருந்துவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி?

பாசாரில் நடந்ததை வாசித்தேன். முதல் தடவை அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது நேரம். பாடசாலை நம் வீட்டுக்கு எவ்வளவு கிட்ட என்று உங்களுக்குத் தெரியும். நின்ற மறுநாள் காலை, நான் ஒன்றும் யோசிக்காமல் தலை வாரி, சேலை உடுத்து, குடையையும் எடுத்துக்கொண்டு வாசல் படலைவரை போய்விட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "எங்கை பிள்ளை வெளிக்கிட்டனீ?" என்று கேட்டார். படலையைப் பிடித்தபடி நின்றேன். அப்போது மணி அடித்தது. பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த மணி ஊரில் எல்லாருக்கும் கேட்கும், ஆனால் அடிப்பது சிலருக்குத்தான். நேற்றுவரை அது எனக்கும் அடித்தது.  அம்மா முருங்கைக்கீரை ஆயத் தந்தார். அதற்குப் பிறகு பல வருஷம், அந்த மணி நேரத்துக்கு என் கையில் ஏதாவது கீரை இருக்கும்.

உங்கள் குவாட்டர்ஸ் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். நாள் முழுவதும் விசில். அதைக் கேட்டு எழுவதும், சாப்பிடுவதும், சட்டை போடுவதுமாக இருந்துவிட்டீர்கள். உங்கள் கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். விசில் கேட்டால் கேட்கட்டும், எழ வேண்டாம். கால் தானாக எழும். மறுத்துப் பழக்குங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குணபூசணி


பிரிக்ஃபீல்ட்ஸ்.
17 மார்ச் 1935

தங்கச்சிக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்தாயா? நான் இருக்கிறேன். அவ்வளவுதான்.

நீ சொன்னபடி கடிகாரத்தைப் பெட்டியில் வைத்தேன். விசில் கேட்டும் எழாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பழக்கம் பிடித்துவிட்டது. அதன் பலன், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் ஆபீசுக்குப் பிந்திப் போனேன். உள்ளே நுழையும்போது துரை என் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.  சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். ஏசியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

எனக்குப் பின் சீஃப் கிளாக்கராக வரப்போகிறவன் முத்துக்குமாரு. நான் வேலை பழக்கிய பொடியன். அவன் எல்லாருக்கும் கேட்க, "ஐயா பென்சனுக்கு இப்பவே ஒத்திகை பாக்கிறார் போலை கிடக்கு" என்றான். மற்றவர்கள் பேரேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார்கள். அய்யாவு ஒருத்தன்தான் சிரிக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "பரவால்ல ஐயா. நான் தினம் லேட்டு, என்னை யாரு பாக்குறா?" என்று ஆறுதல் சொன்னான். பியூன் எனக்கு ஆறுதல் சொல்கிறான்.

ஆனாலும் உன்னிடம் வந்துவிட்டால் இதெல்லாம் இல்லை. யோசித்து வைத்திருக்கிறேன். ஒரு பெயர்ப்பலகை செய்யக் கொடுத்திருக்கிறேன்: 'அ. கனகசபை, ஓய்வுபெற்ற சீஃப் கிளாக்கர்'. அதை உன் படலையில் மாட்டலாம். உனக்கும் நல்லது. தனியாக இருக்கிற பெண்ணின் வீட்டில் ஓர் ஆம்பிளையின் பெயர் தொங்கினால் மரியாதை. வீட்டுச் செலவு, வேலைக்காரி, தோட்டம் எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். நீ பாடசாலையை மட்டும் பார்.

கனகசபை


கிள்ளான்.
28 ஏப்ரல் 1935

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

நான் சுகம். இங்கே வெயில் தாங்க முடியவில்லை. நீங்கள் இளநீர் குடியுங்கள்.

பெயர்ப்பலகை பற்றி: என் படலைக் கம்பத்தைக் கறையான் அரித்திருக்கிறது. பலகை தாங்காது.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. அதற்குமேல் எனக்கும் தெரியாது. விலகிய பிறகு ஒரு நாள் நீங்கள் ஆபீசுக்குப் போவீர்கள். போகக்கூடாது என்று நான் சொன்னாலும் போவீர்கள். நான் போனேன். என் சால்வையொன்றை அங்கே விட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். என் வகுப்பில் புது ஆசிரியை நின்றாள். "ஆரைப் பாக்க வேணும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். நான் எழுத்துப் பழக்கிய பிள்ளையொன்று ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து, "இருங்கோ" என்றது. நல்ல பிள்ளை. அங்கே இருந்த நாளெல்லாம் எனக்கு யாரும் கதிரை கொண்டுவந்து போட்டதில்லை. அன்று போட்டார்கள். நான் வெளியாள் என்பதை அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் முழுமையாக அறிந்தேன். தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

முத்துக்குமாரு உங்களுக்குக் கதிரை போடுகிற நாளை இப்போதே நினைத்துப் பாருங்கள். தினமும் ஒரு தடவை நினையுங்கள். வரும்போது அவ்வளவு வலிக்காது என்று நினைக்கிறேன். எனக்கு நினைத்துப் பார்க்க யாரும் அவகாசம் தரவில்லை.

குணபூசணி


பிரிக்ஃபீல்ட்ஸ்.
20 ஜூன் 1935

அன்புத் தங்கச்சிக்கு,

உன் சுகத்தை விசாரித்து எழுதுகிறேன். என் சுகம் எப்படியென்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

முடிந்துவிட்டது. தேநீர் விருந்து வைத்தார்கள். மாலை போட்டு, நடுக் கதிரையில் இருத்திப் படம் எடுத்தார்கள். நீ சொன்ன கதிரை அதுதானோ என்று அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்து, படத்துக்குச் சிரிக்க மறந்துவிட்டேன். துரை கை குலுக்கினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் பெயர் அவர் வாயில் 'கங்காசாபி'தான். முத்துக்குமாரு வாழ்த்துப்பத்திரம் வாசித்தான். அருமையான இங்கிலீஷ், நான் பழக்கியது. வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியொன்று தந்தார்கள். நடக்கத் தடியும் தந்து போக வழியும் காட்டிவிட்டார்கள். வாசலில் அய்யாவு அழுதான். "நாளையிலேருந்து என்னை யாருங்க ஏசுவாங்க?" என்றான். அவனைப் பார்த்து, "போடா" என்றுதான் சொல்ல வந்தேன். தோளைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மாத முடிவில் குவாட்டர்சை விட வேண்டும். முத்துக்குமாருவின் பெண்சாதி நேற்றே வந்து சன்னல்களுக்குத் திரைச்சீலை அளந்துகொண்டு போனாள். என்னைக் கேட்டுத்தான் அளந்தாள். நான் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாமான் கட்டிவிட்டேன். லோரிக்காரனிடம் சொல்லியாயிற்று. பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். எந்தத் தேதிக்கு வரச்சொல்லி எழுதினாய் என்று பார்க்க உன் கடிதங்களையெல்லாம் எடுத்தேன். தேதி இல்லை. திரும்ப வாசித்தேன். வேப்பெண்ணெய், இளநீர், கடிகாரம், கறையான் எல்லாம் இருக்கிறது. 'வாருங்கோ' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நான் எழுதினால் நீ வரவேற்பாய் என்று நினைத்துக்கொண்டு வாசித்ததில் கவனிக்கவில்லை. நீ வேலைக் கூடுதலில் மறந்திருப்பாய்.

கூப்பிடாத வீட்டுக்கு, அது தங்கையின் வீடானாலும், நம் ஆட்கள் பெட்டியோடு போவதில்லை. அது உனக்கும் தெரியும். ஒரு வரி எழுது, போதும்.

உன் அண்ணன்,
கனகசபை


கிள்ளான்.
24 ஜூன் 1935

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. இன்றே பதில் எழுதுகிறேன்.

நான் மறக்கவில்லை. எழுதவில்லை. இரண்டும் வேறு வேறு.

1919இல் நீங்கள் லீவில் ஊருக்கு வந்தீர்கள். அப்பா இல்லாத வீட்டில் நீங்கள்தான் அப்பா. எனக்கு மாப்பிள்ளை பேசினீர்கள். பேச்சு முடியுமுன்பே என் பாடசாலைத் தலைவிக்கு, 'தங்கைக்குக் கலியாணம், இந்தத் தவணையோடு நின்றுவிடுவாள்' என்று நீங்களே எழுதினீர்கள். அவர் என்னை அழைத்து வாழ்த்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். அதற்குள் என் இடத்துக்கு வேறொருத்தியை எடுத்துவிட்டார்கள். பிறகு நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, மாப்பிள்ளையின் தாய்மாமன் சபை நடுவில் உங்களைக் கேட்டார்: "தம்பி இப்ப சீஃப் கிளாக்கரோ, இல்லாட்டி இன்னும் கீழைதானோ?" நீங்கள் அப்போது இரண்டாம் கிளாக்கர். ஊர் முழுவதும் சீஃப் என்று சொல்லி வைத்திருந்தீர்கள். வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். "இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்" என்றீர்கள். 'எங்களுக்கு' என்று சொன்னீர்கள். நான் உள்ளே பலகாரத் தட்டோடு நின்றேன்.

அடுத்த கப்பலில் நீங்கள் உங்கள் வேலைக்குத் திரும்பினீர்கள். எனக்குத் திரும்ப வேலை இல்லை. இருபத்தாறு வயதில் பென்சன் இல்லாத பென்சன்காரி ஆனேன். எனக்கு விருந்தும் இல்லை, கைத்தடியும் இல்லை.

மலாயாவில் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்து உங்களுக்கு எழுதினேன். 'வா என்று ஒரு சொல் எழுதுங்கள், அம்மா விடுவார்' என்று எழுதினேன். எத்தனை தடவை என்று எண்ணிவைக்கவில்லை. உங்கள் பதில் தவறாமல் வரும். கோலாலம்பூரில் வெயில். அண்ணிக்கு இருமல். ஆபீசுக்குப் புது மின்விசிறி. அம்மாவை மருந்து குடிக்கச் சொல். எல்லாம் இருக்கும், அந்தச் சொல் இருக்காது. வராதே என்றும் எழுதமாட்டீர்கள். அப்படி எழுதியிருந்தால் அழுது முடித்துவிட்டு வேறு வழி பார்த்திருப்பேன். நான் கேட்கவேயில்லை என்பதுபோல எழுதுவீர்கள். தபால்காரர் படலைக்கு வரும்போதெல்லாம் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஐந்து வருஷம் அடித்துக்கொண்டது.

அம்மா செத்தபின் ஒருவரையும் கேட்காமல், வரும் நாளை மட்டும் உங்களுக்குத் தந்தியில் சொல்லிவிட்டுக் கப்பலேறினேன். போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கியபோது நீங்கள் வந்திருந்தீர்கள். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "ஏன் பிள்ளை தனியாக் கஷ்டப்பட்டு வந்தனீ? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானே கூப்பிட்டிருப்பனே" என்றீர்கள். நான் சிரித்தேன். பதினொரு வருஷமாக உங்களுக்கு அந்தச் சிரிப்பைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுதிய பாடங்களில் பொய் இல்லை. ஆனால் அக்கறையால் எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். பாசாரில் உங்களைத் தாத்தா என்று அழைத்ததாக எழுதிய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நீங்கள் பிந்திப் போய் நின்றதை வாசித்த அன்று நான் குடித்த தேத்தண்ணி இனித்தது. இப்படிப்பட்டவள் என்று என்னை எனக்கே தெரியாது. தெரிந்த பிறகும் எனக்கு வெட்கமாக இல்லை.

என் படலைக்குப் பூட்டு இல்லை. நான் வந்ததுபோல, கூப்பிடாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்களாக வந்தால் நான் எழுந்து மறிக்கப்போவதில்லை. முன் அறைச் சன்னல் கிழக்கே பார்த்ததுதான். ஆனால் அந்தச் சொல்லை நான் எழுதமாட்டேன்.

குணபூசணி


கிள்ளான்.
1 செப்டம்பர் 1935
(சரக்கு ஆபீஸ் பியூன் அய்யாவு மூலம்)

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

நீங்கள் இப்போது இருக்கும் இடம் தெரியாததால் இதை அய்யாவுக்கு அனுப்புகிறேன். நான் சுகம்.

எழுதக் காரணம், உங்கள் பெயருக்குப் பத்திரிகை கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. தபால்காரர் சின்னையா ஒவ்வொரு தடவையும், "ஐயா எப்பம்மா வர்றாரு?" என்று கேட்கிறார். பதில் சொல்லிச் சலித்துவிட்டது. எங்கே அனுப்புவது என்று தெரிவியுங்கள். இதற்காக மட்டும்தான் எழுதுகிறேன்.

மழை தொடங்கிவிட்டது. முழங்கால் எப்படி என்று தெரியவில்லை.

குணபூசணி


நல்லம்மாள் சாப்பாட்டுக் கடை, மேல்மாடி,
பிரிக்ஃபீல்ட்ஸ்.
15 செப்டம்பர் 1935

தங்கச்சிக்கு,

முழங்கால் படி ஏறும்போது மட்டும் தன்னை நினைவூட்டுகிறது. உன் கடிதத்தை அய்யாவு தன் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தான். பத்திரிகையை மேலே கண்ட விலாசத்துக்கு அனுப்பலாம்.

ஜூனில் நீ எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று இருந்துவிட்டேன். ஊராருக்கெல்லாம் எழுதுகிறேன், இதற்கு வசனம் வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். குவாட்டர்சை விட்ட அன்று பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கிள்ளானுக்கு டிக்கட் வாங்கினேன். வண்டி வந்தது. கூலி பெட்டியை ஏற்றிவிட்டு, "ஏறுங்க சாமி" என்றான். என்னால் ஏற முடியவில்லை. அரைநாள் தூரம்கூட இல்லாத இடம். கூப்பிடாத ஊருக்கு நீ ஒருத்தி எப்படிக் கடல் கடந்தாய் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டான். வண்டி போய்விட்டது.

அன்று பசிக்கு நல்லம்மாள் கடையில் சாப்பிட உட்கார்ந்தேன்; மேல்மாடியில் இடம் இருக்கிறது என்றாள், இருந்துவிட்டேன். அவள் எனக்குத் தருகிற மரியாதை, "ஏ பென்சன் ஐயா, எலைய எடுங்க, ஆளு நிக்கிறாங்க" என்பதுதான். உன் முதல் பாடம் இருந்தபடியால் பொறுத்தேன். இப்போது இலையை எடுக்கிறேன்.

கீழே ஒரு மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். போன கிழமை ரெங்கசாமி என்று ஒருவன் வந்தான். தண்டவாளத்தில் கல் போட்டே கிழவனானவன். வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்குக் கப்பல் டிக்கட் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் அவனுக்கு யாரும் இல்லை. மனுவை எழுதி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான். "ஐயா, நாளைக்கு எந்திரிச்சு நான் என்னங்க பண்றது?" என்று கேட்டான். நான் உன்னைக் கேட்ட அதே கேள்வி. விசில் கேட்டால் எழாதே என்றும், பாசாருக்குப் போ என்றும் சொல்லிப் பார்த்தேன். அவன், "அதெல்லாம் படிச்சவங்களுக்குங்க" என்றுவிட்டான். பிறகு இருவரும் தேத்தண்ணி குடித்தோம்.

நீ எந்த மனத்தோடு எழுதியிருந்தாலும் உன் பாடங்கள் எனக்கு உதவின. இதை உன்னை மகிழ்விக்க எழுதவில்லை. மகிழமாட்டாய் என்றும் தெரியும்.

நல்லம்மாளின் கடையில் ஞாயிறன்று மட்டும் மீன் இல்லாத சாப்பாடு, மீன் தொடாத உனக்கு ஒத்துவரும். மனு எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். என் எழுத்து விளங்கவில்லை என்று இன்றுவரை ஒரு துரையும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா.

அண்ணன்,
கனகசபை


கிள்ளான்.
14 அக்டோபர் 1935

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். பதில் பிந்திவிட்டது. பத்திரிகைகளைக் கட்டிச் சின்னையாவிடம் கொடுத்திருக்கிறேன். ரெங்கசாமியின் மனுவுக்கு என்ன பதில் வந்தது?

தையல் கற்பிக்கப் புதிதாக ஒரு பெண்ணை எடுத்திருக்கிறோம். நல்ல கை, வாய் கொஞ்சம் நீளம். இந்த மாதம் பாடசாலைக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. மழை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கூடுதலாகப் பெய்கிறது. கோலாலம்பூர் வண்டிகள் மட்டும் நேரத்துக்கு ஓடுவதாக ஸ்டேஷனில் சொன்னார்கள்.

உங்கள் கடிதம் மழையில் நனைந்துதான் என் கைக்கு வந்தது. மற்றதெல்லாம் வாசிக்க முடிந்தது. கடைசி வரி மட்டும் விளங்கவில்லை. என்ன எழுதியிருந்தீர்கள்?

திரும்ப எழுதுங்கள். எனக்கு விளங்கும்வரை எழுதுங்கள்.

தங்கை,
குணபூசணி